எட்டாவது மீன்

எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். நான் பிறந்தபோது முதலில் வந்தது அழுகை இல்லை, எதிர்ப்பேச்சு என்று அம்மா சொல்வாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு யாராவது படம் போட நினைத்தால், அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அன்றைக்கு என்னை உட்காரவைத்தே போட்டிருக்கலாம்.

எனக்குப் பெரிய வேலை ஒன்று வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை இரண்டு வாய் சாப்பிடும் வரைகூட என்னால் அடக்க முடியவில்லை.

நான் பழைய கதவுச் சாமான் விற்கிறவள். இடித்த வீடு, மூடிய பள்ளிக்கூடம், விற்றுத் தீர்த்த அலுவலகம் என்று எங்கெங்கோ கழற்றிய கீல், தாழ்ப்பாள், பூட்டு, குமிழ், கைப்பிடி எல்லாவற்றையும் ஏலத்தில் எடுத்து, துரு நீக்கி, களிம்பு போக்கி, இன்னொரு கதவில் ஏறும்படி செய்து விற்பேன். என் கடைக்குக் கதவு கிடையாது. இரும்பு ஷட்டர்தான். அதைச் சொல்லிச் சிரிக்காத வாடிக்கையாளர் இதுவரை வந்ததில்லை.

எதிர் வரிசையில் இருக்கும் பெரிய கடை அண்ணனுடையது. அப்பா இருந்தவரை அது அப்பா கடை. அலமாரி, மேஜை, கட்டில், நிலைக்கண்ணாடி என்று பெரிய சரக்குகள் முன்னறையில் நிற்கும். பின்னறையில் தரையில் ஒரு பலகையைப் போட்டு நான் உட்கார்ந்து பித்தளை தேய்ப்பேன். அண்ணனுக்கு இடுப்பு வலி. வயசுப் பிள்ளையாக இருந்தபோது ஒரு அலமாரியின் ஒரு முனையைத் தூக்கிவிட்டு "ஆ" என்று கத்தினான், அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தக் கடையில் முழங்காலுக்குக் கீழே இருக்கும் எல்லாமே என் வேலையாகிவிட்டது. அடிக்கீல் கழற்றுவது நான். மேஜைக் கால் துடைப்பது நான். ஏதாவது கீழே விழுந்தால், வீட்டிலும் கடையிலும் எல்லோர் கண்ணும் என்னைத்தான் தேடும். அப்பா போன பிறகு, "உனக்கு எதுக்குத் தனியா பங்கு, பின்னறைதான் எப்பவும் உனக்கு இருக்கே" என்றான் அண்ணன். அன்றைக்கே எழுந்து எதிர்ப்பக்கம் வந்துவிட்டேன்.

வந்த பெரிய வேலை இதுதான். மூடிக் கிடந்த பழைய விடுதி ஒன்றை ஒரு அம்மா வாங்கியிருந்தார்கள். விடுதிக்காரம்மா என்றே வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குச் சுவர்கள் மட்டும்தான் கிடைத்தன. உள்ளே இருந்த சாமான் அத்தனையையும் பழைய முதலாளி ஏலக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். மாடி நடைவழியின் ஒரு சுவர் முழுக்க நின்ற துணி அலமாரியும் அதோடு போய்விட்டது. எட்டுக் கதவு. ஒவ்வொரு கதவிலும் பித்தளை மீன் ஒன்று கைப்பிடியாக இருக்கும். அலமாரி போனபின் அது நின்ற இடம் மட்டும் சுவரில் வெளுப்பாகத் தெரிந்தது. விடுதிக்காரம்மா அந்த வெளுப்பைக் கையால் தடவிக் காட்டினார்கள்.

"அது இந்தச் சுவருக்கே திரும்பி வரணும். எட்டு மீனும் இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் எனக்கு வேண்டாம், அந்தக் குறை தினம் கண்ணை உறுத்தும். கொண்டு வந்துட்டீங்கன்னா, இந்தக் கட்டடத்துல இருக்கிற கதவு அத்தனையும் உங்க பொறுப்பு."

அத்தனை கதவு என்றால் என் கடை நிமிர்ந்து நிற்கும். இந்தச் செய்தியைத்தான் நான் அம்மா வீட்டில் போய், அதுவும் அண்ணன் எதிரில், பெருமையாகக் கொட்டினேன்.

"அந்த மீன் அலமாரியா?" வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டான் அண்ணன். "அது சிண்டிகேட் பாத்து வச்சிருக்கிற சரக்குடி. அதுல நீ எங்க கை வைக்கிறது?"

"ஏலம்னா யாரு வேணா கேக்கலாம்."

"கேக்கலாம். கிடைக்கணுமே."

சிண்டிகேட் என்பது பெரிய கடைக்காரர்கள் சேர்ந்த கூட்டு. அண்ணன்தான் அதற்குத் தலைவன். நல்ல சரக்கு வந்தால் அவர்கள் ஒருவருக்கொருவர் எதிராகக் கேட்கமாட்டார்கள். யார் கேட்பது, எதுவரை போவது என்று முன்னாலேயே பேசி வைத்து, ஒரே ஒருவர்தான் கை தூக்குவார். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் வேறு யாராவது கை தூக்கினால் அவர் கூட்டை விட்டே போகவேண்டியதுதான். ஏலம் முடிந்ததும் அண்ணன் கடைப் பின்னறையில் கூடி, எடுத்த சரக்கைத் தங்களுக்குள் இன்னொரு தரம் ஏலம் விட்டுக்கொள்வார்கள். வெளியாள் யாராவது புகுந்தால் விலையை ஏற்றி ஏற்றி ஓடவைப்பார்கள். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர்கள் பேசியபோதெல்லாம் அதே அறையில் தரையில் உட்கார்ந்து பித்தளை தேய்த்துக்கொண்டிருந்தேன். தரையில் உட்கார்ந்திருப்பவளுக்குக் காது இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

"எனக்குக் கிடைக்கும்" என்றேன்.

"கனவு காண்றதுக்குக் காசா பணமா. காணு."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். மூடினால் அது என் வாயே இல்லை. "கிடைக்கலேன்னா என் கடைச் சாவியை உன் கையில குடுத்துட்டு, உன் பின்னறையில வந்து உக்காந்து பித்தளை தேய்க்கிறேன். போதுமா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "சாப்பிடுற இடத்துல சாவியெல்லாம் எதுக்குடி இழுக்கிற?"

"கேட்டுக்கம்மா. அவளாத்தான் சொன்னா. நான் சொல்லச் சொல்லல." அண்ணன் முகம் பளபளவென்று ஆகிவிட்டது. "பின்னறையில உன் பலகை அப்படியேதான் இருக்கு."

"சரி. நீ தோத்தா?"

"நான் எங்க தோக்கிறது?" என்று சிரித்துவிட்டு, அவன் அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டுக்கொண்டான். அவன் தன் பக்கம் எதையும் பணயம் வைக்கவில்லை. அதுதான் என்னை அன்றைக்கு இரவு முழுக்கக் கடுப்பேற்றியது.

ஏலத்துக்கு முந்தின நாள் சரக்கைப் பார்க்க விடுவார்கள். தகரக் கூரை போட்ட பெரிய கிடங்குதான் ஏலக்கூடம். போனால் ஒருவர் இழுப்பறையை வெளியே எடுத்து முகர்ந்து பார்ப்பார், ஒருவர் கட்டில் காலை விரலால் தட்டிக் காது கொடுப்பார், இன்னொருவர் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் அடிவயிற்றைப் பரிசோதிப்பார். வேடிக்கை பார்க்கவே ஒரு நாள் போதாது. நான் நேராகப் பின்சுவருக்குப் போனேன்.

அலமாரி நின்றது. நல்ல கறுத்த மரம், ஒரு பூச்சி அரிப்பு இல்லை. மீன்கள் ஜோடி ஜோடியாக ஒன்றை ஒன்று பார்த்தபடி இருக்கும் என்று விடுதிக்காரம்மா சொல்லியிருந்தார்கள். முதல் மூன்று ஜோடி அப்படித்தான் இருந்தன. கடைசியில் ஏழாவது மீன் மட்டும் தனியாக வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டாவது இருந்த இடத்தில் மீன் வடிவத்தில் வெளுப்பு. நாலு திருகாணித் துளை.

ஒரு மீன் இல்லை என்றால் விடுதிக்காரம்மா வேண்டாம் என்பார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் கதவுகள் இல்லை, கதவுகள் இல்லை என்றால் சாவி அண்ணன் கையில். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

கிட்டே போய்த் துளையைப் பார்த்தேன். உள்விளிம்பு பளிச்சென்று இருந்தது. ஒரு தூசு இல்லை. விரலை வைத்தால் மரத்தூள் ஒட்டியது. இது பல வருடத்துக்கு முன்னால் தொலைந்த மீன் இல்லை. இன்றைக்குக் காலையில் கழன்ற மீன்.

"உன் கண்ணுல பட்டுச்சாம்மா, அந்த எட்டாவது?" பின்னாலிருந்து கேட்டவர் நாற்காலிக்காரர். பழைய நாற்காலிகள் மட்டுமே விற்பவர், சிண்டிகேட்டில் மூத்தவர், சொன்ன சொல் தவறாதவர். பெரும்பாலும் அவர்தான் அவர்களுக்காகக் கை தூக்குவார். குனிந்து அலமாரிக்கு அடியிலெல்லாம் தேடியிருப்பார்போல, முழங்காலில் அழுக்கு.

நான் பதில் சொல்லுமுன் அண்ணன் வந்துவிட்டான். "அதை எங்கண்ணே தேடுறது. அது எந்தக் காலத்துல போச்சோ. இது இனிமே மூளிச் சரக்கு. நான் சொன்ன தொகைக்கு மேல ஒரு படி ஏறாதீங்க. வாங்குனாலும் தலைவலிதான்." சொல்லிக்கொண்டே சட்டையின் மேல் பாக்கெட்டைத் தட்டிக்கொண்டான். உள்ளே சன்னமாக ஏதோ சத்தம் கேட்டது.

அந்தத் தட்டல் எனக்குத் தெரியும். அப்பா வைத்த வழக்கம் அது. பழைய சாமானிலிருந்து கழற்றிய திருகாணியை மேஜையில் வைக்காதே, தொலையும், நெஞ்சுப் பாக்கெட்டில் போடு என்பார். அந்தக் காலத்துத் திருகாணி ஒன்று போல் ஒன்று இருக்காது, கையால் வெட்டியது, புதிதாக வாங்கிப் போட முடியாது. எங்கள் வீட்டில் சட்டை துவைக்கும்போது பாக்கெட்டில் திருகாணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் போடுவோம்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் வந்தது கோபம் இல்லை, முதலில் ஒரு வியப்பு. அடப்பாவி, உன் கூட்டாளிக்கே குழி வெட்டுகிறாயா? மீன் இல்லாத அலமாரியைப் பின்னறை ஏலத்தில் யாரும் விரும்பிக் கேட்கமாட்டார்கள். "சரி, நானே தலைவலியை வச்சுக்கிறேன்" என்று பெருந்தன்மையாக இவன் எடுத்துக்கொள்வான். பிறகு ஒரு நாள் எட்டாவது மீன் திடீரென்று நீந்தி வந்துவிடும். விடுதிக்காரம்மா வீட்டு வாசலில் இவன் நிற்பான்.

சரி, மீன் எங்கே? வாசலில் பையையும் பாக்கெட்டையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். நாலு திருகாணியைச் சில்லறையோடு கொண்டுபோகலாம். உள்ளங்கை நீளப் பித்தளை மீனைக் கொண்டுபோக முடியாது. ஆக, மீன் இந்தக் கூரைக்குள்தான் எங்கோ படுத்திருக்கிறது. நல்ல சாமானைக் கழற்றி ஒரு குப்பைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, அந்தப் பெட்டியைக் கிள்ளுக்கீரை விலைக்கு எடுப்பது இந்தத் தொழிலில் பழைய தந்திரம்.

கூடத்தில் குப்பைப் பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. தரை முழுக்கப் பெட்டிகள். ஆனால் தரையில் இருந்தவற்றை நான் திரும்பியும் பார்க்கவில்லை. என் அண்ணனா குனிவான்? மேஜை மேல் இருந்த பெட்டிகள் கொஞ்சம்தான். அவற்றிலும் துருப்பிடித்தவற்றை விட்டேன், துரு பட்டால் அவனுக்குத் தும்மல் வரும். மிஞ்சியது கொக்கியும் திரை வளையமும் கலந்து கிடந்த ஒரு பெட்டி. கையை விட்டேன். வளையங்களுக்கு அடியில் குளிர்ச்சியாகச் செதில் தட்டுப்பட்டது.

அங்கேயே கூச்சல் போடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் போட்டால் என்ன நடக்கும்? கிடங்குக்காரர் மீனை எடுத்துத் திரும்ப மாட்டுவார். யார் கழற்றினார்கள் என்று எவரும் கேட்கமாட்டார்கள். சண்டைக்காரி என்று எனக்குப் பெயர் மட்டும் மிஞ்சும், அது ஏற்கெனவே இருக்கிறது. எட்டு மீனும் மினுக்கிக்கொண்டு நிற்கும் அலமாரியைச் சிண்டிகேட் என்னிடம் விடவே விடாது. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடினேன். மீனைத் தொட்ட இடத்திலேயே விட்டு, வளையங்களை அதன்மேல் சரித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் என் வீட்டுக்காரர் வேனை ஏலக்கூடத்தின் சரக்கு வாசலில் பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். வாடகைக்கு வேன் ஓட்டுகிறவர். வீட்டில் பேசுகிற பங்கு முழுவதையும் எனக்கே விட்டுக்கொடுத்தவர்.

"இப்பவே எதுக்குத் திருப்பி நிறுத்துறீங்க? கிடைச்சபிறகு பாத்துக்கலாமே."

"எப்படியும் ஏத்தத்தானே போறோம்" என்றார். அந்த மனிதரை நான் கட்டிக்கொண்டதில் தப்பே இல்லை.

நான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். அது சிண்டிகேட் ஆட்கள் உட்காரும் வரிசை. "அம்மா, பின்னால இடம் இருக்கே" என்றார் ஒருவர். "இருக்கட்டும், எனக்குக் கண் கொஞ்சம் மட்டு" என்றேன். கடைச் சாவி இடுப்பில் தொங்கியது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, மேல் பாக்கெட்டை மறுபடியும் தட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தான்.

சின்னச் சாமான்தான் முதலில் ஏலத்துக்கு வரும். அதில் சிண்டிகேட்டுக்கு அக்கறை கிடையாது, அவரவருக்கு வேண்டியதை அவரவர் கேட்டுக்கொள்ளலாம். கொக்கிப் பெட்டி வந்தது. ஏலக்காரர் அதை ஒரு குலுக்குக் குலுக்கி, "கொக்கி, வளையம், இன்னும் என்னவோ. எடுத்துட்டுப் போங்கப்பா, எனக்கு மேஜை காலியாகும்" என்றார்.

அண்ணன் கொட்டாவி விட்டுக்கொண்டே நம்பர் அட்டையைத் தூக்கினான். நடிப்பு பிரமாதம். நான் தூக்கினேன். கொட்டாவி பாதியில் நின்றது. அவன் தூக்கினான். நான் தூக்கினேன். மறுபடியும் அவன். மறுபடியும் நான்.

வரிசையில் தலைகள் திரும்பின. "என்னப்பா இது, வளையத்துக்கா இவ்வளவு போட்டி?" என்றார் ஒருவர். "வீட்டுல ஜன்னல் ஜாஸ்தியா?" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நாற்காலிக்காரர் சிரிக்கவில்லை. அவர் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் கை அட்டையோடு பாதி உயரத்தில் நின்றது. இன்னும் ஒரு படி கேட்டால், அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கூட்டாளிகள் எழுந்து வந்து பார்ப்பார்கள். கேட்காவிட்டால் மீன் என்னுடையது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? நான் அவன் கண்ணை நேராகப் பார்த்தேன். எனக்குப் பயமே இல்லை. இத்தனை வருடம் அவன் முகத்தைக் கீழேயிருந்தே பார்த்துப் பழகியிருந்தேன், எதிருக்கு எதிர் பார்த்தால் அது அவ்வளவு பெரிய முகம் இல்லை.

அட்டை இறங்கியது. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." பெட்டி என் காலடிக்கு வந்தது. சின்னச் சாமானை அப்போதே கையில் கொடுத்துவிடுவார்கள்.

அதன் பிறகு மேஜைகள் போயின, கட்டில்கள் போயின. அண்ணன் ஒரு சரக்கையும் கவனிக்கவில்லை. என் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அலமாரியின் முறை வந்தது.

"எட்டுக் கதவு அலமாரி. மீன் ஏழு. உள்ளதை உள்ளபடி சொல்லிட்டேன்" என்றார் ஏலக்காரர். வெளியாட்கள் இரண்டு பேர் ஆரம்பித்தார்கள், மூளிச் சரக்குக்கு எதற்கு என்று சீக்கிரமே விட்டுவிட்டார்கள். மிஞ்சியது நாற்காலிக்காரரும் நானும். அவர் நிதானமாகத் தூக்குவார், நான் வெடுக்கென்று தூக்குவேன். ஏறிக்கொண்டே போனது. நான் போகக்கூடிய எல்லை எனக்குத் தெரியும், அது அதிக தூரத்தில் இல்லை.

நான் கேட்ட ஒரு தொகையில் நாற்காலிக்காரர் அட்டையை மடியில் வைத்துவிட்டார். அண்ணன் சொன்ன எல்லை வந்துவிட்டது.

"ஒரு தரம்" என்றார் ஏலக்காரர்.

அண்ணன் முழங்கையால் அவரை இடித்தான். "கேளுங்கண்ணே."

"நீதானப்பா இதுக்கு மேல ஒரு படி ஏறாதேன்ன?"

"இப்ப சொல்றேன், கேளுங்க."

"மூளிச் சரக்குன்ன. தலைவலின்ன. எல்லார் பணமும் இருக்கு இதுல, உன் இஷ்டத்துக்கு ஏத்த முடியாது."

"ரெண்டு தரம்."

அண்ணன் தன் அட்டையைத் தானே தூக்கினான்.

சிண்டிகேட் ஆரம்பித்த நாளிலிருந்து தலைவனே விதியை மீறி யாரும் பார்த்ததில்லை. நான் குனிந்து பெட்டிக்குள் கையை விட்டேன். வளையங்கள் கலகலவென்று சரிந்தன. மீனை எடுத்து, முந்தின நாள் அழுக்கைத் துடைத்து, என் மடியில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு என் நம்பர் அட்டையைத் தூக்கினேன். தூக்கிய கையை இறக்கவில்லை, அப்படியே வைத்துக்கொண்டேன். வேண்டுமானால் விடியவிடியக் கேளு, நான் இறக்கப்போவதில்லை என்று அதற்கு அர்த்தம். உண்மையில் அதுதான் என் கடைசிப் படி. அதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்காது, ஏனென்றால் என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் மீனைப் பார்த்தார்கள். பிறகு அண்ணனைப் பார்த்தார்கள்.

நாற்காலிக்காரர்தான் கேட்டார், மெதுவாக. "இப்ப யாருக்காகப்பா கை தூக்குற? எங்களுக்கா, உனக்கா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அட்டை தானாக இறங்கி அவன் தொடையில் விழுந்தது.

"ஒரு தரம்" என்று ஏலக்காரர் திரும்ப ஆரம்பித்தார். அவர் மூன்றாம் தரத்துக்கு வருவதற்குள் எனக்கு ஒரு ஜென்மம் போனது. சுத்தியல் விழுந்தது. அலமாரி என்னுடையது. எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது, அழவேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன். இன்னும் ஒரு வேலை பாக்கி.

மீனை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போனேன். சிண்டிகேட் மொத்தமும் பின்னால் வந்தது. யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்தார்கள். அண்ணன் வாசல் பக்கம் நழுவப் பார்த்தான். நாற்காலிக்காரர் அவன் தோளில் கை போட்டுக் கூட்டிவந்தார்.

மீனை அந்த வெளுப்பின்மேல் வைத்தேன். இம்மி பிசகவில்லை. ஏழாவது மீனுக்கு எதிர்ப்பார்வை கிடைத்தது.

"அண்ணே, ஸ்க்ரூ டிரைவர் குடு."

"என்கிட்ட ஏது?"

"பின் பாக்கெட்டுல."

கொடுத்தான்.

"ஸ்க்ரூவும் குடு."

"எந்த ஸ்க்ரூ?"

"அப்பா எங்க போடச் சொன்னாரோ, அங்க இருக்கிற நாலு."

"குடுப்பா" என்றார் நாற்காலிக்காரர். "நாங்களும் பாக்கணும்."

அண்ணன் நெஞ்சுப் பாக்கெட்டில் இரண்டு விரலை விட்டான். நீட்டியிருந்த என் உள்ளங்கையில் ஒன்று விழுந்தது. இரண்டு. மூன்று. நாலாவது அவன் விரலிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்து, உருண்டு, அலமாரியின் அடியில் போய் நின்றது.

எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பியது. அண்ணனுடைய கண்ணும்தான். அவமானத்தில் நின்றபோதும் அவன் கண் பழக்கத்தில் என்னைத்தான் பார்த்தது. என் முழங்காலும் பழக்கத்தில் மடியப் பார்த்தது. அதைப் பிடித்து நிறுத்தினேன்.

"எடுண்ணே."

"எனக்கு இடுப்பு..."

"தெரியும். எடு."

நான் கையை நீட்டியபடியே நின்றேன். யாரும் உதவிக்கு வரவில்லை. நாற்காலிக்காரர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அண்ணன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். பிறகு குனிந்தான். முழங்காலை ஊன்றி, கன்னம் தரையில் படத் தலையைச் சாய்த்து, அலமாரிக்கு அடியில் கையை நீட்டித் துழாவி, திருகாணியை எடுத்து, எதையும் பிடித்துக்கொள்ளாமல் ஒரே எழும்பலில் எழுந்தான். ஒரு "ஆ" கூட வரவில்லை. பதினாறு வயசுப் பிள்ளை எழுந்தது மாதிரி இருந்தது.

நான் அவன் கையிலிருந்து நாலாவதை வாங்கி, வால் பக்கத்துத் துளையில் வைத்து முறுக்கினேன். அது தன் பழைய வழியிலேயே நேராக இறங்கியது. வாசலில் என் வீட்டுக்காரர் வேனின் பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன் இடுப்பு நல்லா இருக்குண்ணே" என்றேன். "அம்மாகிட்டச் சொல்லிடறேன். பின்னறையில அந்தப் பலகை சும்மாதானே கிடக்கு."